நூல் பிடித்தால் 14,499

பெர்த்திலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள்: 14,499 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில் பேசுகிறவர்கள். அவர்கள் கணக்கில் 7,800 சொச்சம். இதில் பேரம் கிடையாது. எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் பதில் வழுக்க ஆரம்பிக்கிறது. போகும்போது பதினேழே கால் மணி, வரும்போது பதினாறரைக்குப் பக்கம், காற்று ஒத்துழைத்தால் அதற்கும் குறைவு, மேற்காசியாவில் ஏவுகணை பறந்தால் கூடுதலாகச் சில மணி நேரம், நடுவில் சிங்கப்பூரில் ஓர் இறக்கம். ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நடுவில் உள்ள வானம்தான் அப்படி இருப்பதில்லை.

2023 மே மாதம் அந்த விமானத்தில் போனேன். தங்கை வீடு பெர்த்தில், பார்க்க வேண்டிய நண்பர் லண்டனில். குவாண்டாஸ் இந்தத் தடத்தை 2018 மார்ச் 24 அன்று தொடங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் எங்கும் நிற்காமல் இணைத்த முதல் வழக்கமான பயணிகள் சேவை அதுதான். போயிங் 787-9, 236 இருக்கைகள்.

டிக்கெட்டைப் படித்தால் பத்து மணி நேரப் பயணம்போலத்தான் தெரியும். மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் புறப்பாடு, மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வருகை. பெர்த் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி முந்தியது. கோடையில் லண்டன்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்வதால் வித்தியாசம் ஏழு. பத்துடன் ஏழைக் கூட்டினால் பதினேழு சொச்சம். அந்த நேரத்தால் 14,499-ஐ வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 840 கிலோமீட்டர்போல வந்தது. இந்த விமானமோ உயரத்துக்குப் போய்விட்டால் சுமார் 900-இல் பறக்கக்கூடியது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் எங்கேயோ கசிகிறது.

அதில் ஒரு துளி, கணக்கு எழுதும் முறையிலேயே போகிறது. டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமன்று. வாயிலில் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்தது முதல், அந்தப் பக்கம் போய் மறுபடி கட்டை கொடுக்கும் வரை உள்ள நேரம். விமானத் துறையில் இதை ‘பிளாக் டைம்’ என்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயில் தேடுவது எல்லாம் இதில் அடக்கம். மீதிக் கசிவுக்குக் காரணம் தேடினால் வேறு விஷயங்கள் வருகின்றன.

தங்கை மகளிடம் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய பூகோள உருண்டை ஒன்று இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தின இரவு, தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து ஒரு முனையைப் பெர்த்தில் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுமுனையை லண்டனில் வைத்து இழுத்தேன். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் இப்படித்தான் கிடைக்கும். பூமியை நடுவாக வெட்டும் பெருவட்டத்தின் ஒரு துண்டு அது. 14,499 என்ற எண் அளப்பது அந்த நூலைத்தான். நூல் விறைத்ததும் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்த்தால், இந்தியப் பெருங்கடல் முழுவதையும் வடமேற்காகக் கடந்து இலங்கையில் கரையேறியிருந்தது.

உருண்டை சின்னது, நூல் தடிமன் என்பதால் பிறகு உட்கார்ந்து ஆயத்தொலைகளை வைத்துக் கணக்குப் போட்டேன். தெற்கே யால காட்டோரம் கரையேறுகிறது. கண்டிக்கு மேலாகப் போகிறது. வில்பத்துப் பக்கம் மறுபடி கடல், மன்னார் வளைகுடா. அப்புறம் ராமநாதபுரம், சிவகங்கை, திண்டுக்கல்லை ஒட்டி, திருப்பூருக்குக் கொஞ்சம் கிழக்கே, மைசூர். கார்வார் அருகே இந்தியாவை விட்டு அரபிக்கடல். ஆஸ்திரேலியாவின் ஒரு மூலையிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிற மிக நேரான வழி வைகைக்கு மேலே போகிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. “மாமா, அப்ப ஜன்னல் வழியா பாட்டி வீடு தெரியுமா?” என்று கேட்டாள் அவள். தெரியாது, ஏனென்றால் விமானம் அந்த வழியில் போகாது.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தை நம்பினால் இது எதுவும் தெரியவராது. நாம் பார்த்துப் பழகிய வரைபடத்தின் மூலவர் மெர்கேட்டர். 1569-இல் மாலுமிகளுக்காகப் போட்டது. திசைமானியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட அது அருமையான வரைபடம்; தூரம் பார்க்க அன்று. அதில் அளவுகோலை வைத்து பெர்த்–லண்டன் கோடு போட்டால், இலங்கைக்கு வெகு தெற்கே கடலில் போய், அரேபியா, எகிப்து, மத்தியதரைக் கடல் என்று வழி காட்டுகிறது. நூல் சொல்லும் வழியோ கார்வாருக்கு அப்பால் பாகிஸ்தானின் மக்ரான் கரையில் ஏறி, ஈரானை மூலைக்கு மூலை வெட்டி, தெஹ்ரானுக்குக் கொஞ்சம் கிழக்கே கடந்து, ஜார்ஜியா, கருங்கடல், கிரிமியா, மேற்கு உக்ரைன், செக், ஜெர்மனி என்று போகிறது.

அந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படித்தால் விமானக் கம்பெனியின் தலைவலி புரியும். உக்ரைன் வானம் 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. மூடுவதற்கும் முன்னாலேயே, 2014 ஜூலை 17 அன்று, கிழக்கு உக்ரைனுக்கு மேலே மலேசிய விமானம் ஏவுகணையால் விழுத்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்துக்கும் அதே கதி, 176 பேர். சண்டை நடக்கிற நிலத்துக்கு மேலே பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற பழைய நம்பிக்கை அந்த இரண்டு நாள்களில் போய்விட்டது. இப்போது இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்து, இன்று எந்த வானம் திறந்திருக்கிறது என்று பார்த்து வழி போடுகிறார்கள்.

பக்கத்து இருக்கையில் பருத்தித்துறைக்காரர் ஒருவர். எழுபது தாண்டியிருக்கும். பெர்த்தில் மகன், ஹாரோவில் மகள். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. முன் இருக்கையின் முதுகில் இருந்த திரையில் பாட்டு, படம் எதற்கும் போகாமல் வரைபடத்தையே திறந்து வைத்திருந்தார். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்தபிறகு கேட்டார்:

“ஏன் தம்பி, இவன் நேரா விடாமல் வளைச்சுக்கொண்டு போறான்?”

“நேராத்தான் ஐயா போகுது. படம் தட்டையா இருக்கிறதால வளைவாத் தெரியுது.”

“அப்ப எங்கட ஊருக்கு மேலாலயெல்லோ போக வேணும்?”

திரையில் சின்ன விமானம் இலங்கைக்குத் தெற்கே கடலிலேயே இருந்தது. அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. நூலின்படி போனால் கண்டிக்கு மேலே இருந்திருக்க வேண்டும். அன்றைக்குப் போட்ட வழி தீவைத் தொடாமல் விலகி, அரபிக்கடலின் அகலமான பகுதியைக் கடந்து, ஓமான் பக்கம் நிலம் காணுவதாக இருந்தது. நூறு இருநூறு கிலோமீட்டர் கூடினாலும் காற்றோட்டத்தில் மிச்சமாகும் நேரம் அதைவிட அதிகம் என்றால் அந்த வழிதான் குறுக்கு வழி. இதை நான் விளக்கியதும் அவர், “காத்தைப் பாத்து ஓட்டுறது எங்கட மீன்பிடிகாரருக்கும் தெரியும்” என்றார்.

காற்று என்றால் சாதாரணக் காற்றில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி ஓடும் வேகக் காற்றுப் பட்டைகள், ஜெட் ஸ்ட்ரீம், சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் ததேனோ என்ற ஊரின் வானிலை நிலையத்திலிருந்து பலூன்களை விட்டு விட்டு அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் எழுதினார். அதனாலேயே உலகம் படிக்காமல் போயிற்று. 1944-இல் ஜப்பான்மேல் குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திணறியபோதுதான் மற்றவர்களுக்குச் சூடு உறைத்தது. காற்றுக்கு முதுகைக் காட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஓர் உதாரணம் நடந்தது: அட்லாண்டிக்கில் புயல் வீசிய இரவில் ஒரு ஜம்போ ஜெட் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணிக்கு மேல் ஆகும்.

பெர்த்–லண்டன் தடத்தில் இந்தக் காற்று இரண்டு முனைகளிலும் காத்திருக்கிறது. பெர்த் தெற்கே முப்பதாவது அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். தென்கோளத்தின் வெப்பமண்டல விளிம்புக் காற்று அங்கேயே கடக்கிறது. நடுவில் நிலநடுக்கோட்டுப் பகுதியில் பெரிய தொல்லை இல்லை. பிறகு துருக்கி, கருங்கடல் பக்கம் போனால் வடகோளத்தின் காற்று முகத்தில் அடிக்கிறது. வடமேற்காகப் போகிறவனுக்கு இரண்டுமே எதிர். தென்கிழக்காகத் திரும்புகிறவனுக்கு இரண்டுமே சாதகம். கசிந்துபோன அறுபது கிலோமீட்டரில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

நான் போய்வந்ததற்கு அடுத்த ஆண்டு நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. 2024 ஏப்ரலில் ஈரான்–இஸ்ரேல் பதற்றம் முற்றியபோது குவாண்டாஸ் ஈரான் வானத்தைத் தவிர்க்க முடிவு செய்தது. சுற்றிப் போனால் முக்கால் மணிபோலக் கூடுதல். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் இந்த விமானத்தின் உச்ச எடை 254 டன். அதில் எரிபொருள் தொட்டிக்கு மட்டும் ஏறக்குறைய 100 டன் கொள்ளளவு. ஆள் நிறைந்த விமானம் எதிர்க்காற்றில் அந்த முக்கால் மணிக்கு வேண்டிய எண்ணெயையும் சுமக்க வழியில்லை. ஆட்களைக் குறைக்க வேண்டும், இல்லையேல் எங்காவது இறங்கி நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் பெர்த்–சிங்கப்பூர் சுமார் 3,900, சிங்கப்பூர்–லண்டன் சுமார் 10,900. கூட்டினால் நேர்வழியைவிட முந்நூறு கிலோமீட்டர்தான் அதிகம். தூரத்தில் இரண்டு சதவீதம், நேரத்தில் மணிக்கணக்கு. அதே நாள்களில் லண்டனிலிருந்து பெர்த்துக்கு வந்த விமானம் மட்டும் எங்கும் நிற்காமல் சுற்றிக்கொண்டே வந்து சேர்ந்தது. காற்று முதுகில் இருந்ததால் எண்ணெய் போதும். 2025 ஜூனில் வளைகுடா வானம் சட்டென்று மூடியபோது லண்டனுக்குக் கிளம்பிய விமானம் பாதி வழியில் மறுபடி சிங்கப்பூருக்குத் திருப்பப்பட்டது.

சிங்கப்பூர் இல்லாத காலத்தையும் இந்தத் தடம் பார்த்திருக்கிறது. நான் பெர்த்தில் அதிகம் சுற்றியது அதைத் தேடித்தான். ஊருக்கு நடுவே ஓடும் ஸ்வான் ஆறு நெட்லண்ட்ஸ் பக்கம் ஏரிபோல விரிகிறது. காலையில் போனால் கறுப்பு அன்னங்கள், துடுப்புப் படகு ஓட்டும் கல்லூரிப் பிள்ளைகள், நாயுடன் நடப்பவர்கள். 1943-இல் இங்கிருந்துதான் எங்கும் நிற்காமல் போகும் உலகத்தின் மிக நீண்ட விமான சேவை கிளம்பியது. தரையிலிருந்தன்று, தண்ணீரிலிருந்து.

அதற்கு முன் 1930-களின் நடுவிலேயே ஆஸ்திரேலியா–லண்டன் விமானத் தொடர்பு இருந்தது. ஊர் ஊராக இறங்கி, இரவில் ஓட்டலில் தூங்கி, பன்னிரண்டு பதின்மூன்று நாள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் அந்தச் சங்கிலி அறுந்தது. சாவகம், சுமத்திரா, அந்தமான் எல்லாம் ஜப்பான் கையில். மிச்சமிருந்தது ஒரே வழி: எங்கும் நிலமே தொடாமல் இந்தியப் பெருங்கடலைக் குறுக்காகத் தாண்டி இலங்கைக்குப் போவது. பெர்த்திலிருந்து காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரி வரை சுமார் 5,650 கிலோமீட்டர். பிரிட்டிஷ் விமானப்படை கொடுத்த கேட்டலினா பறக்கும் படகுகளை வைத்து குவாண்டாஸ் அதைச் செய்தது.

கேட்டலினா மணிக்கு 200 கிலோமீட்டர்போலப் போகும். ஆகவே பயணம் 27 மணி நேரத்திலிருந்து 32 மணி சொச்சம் வரை. எடையைக் குறைக்க உள்ளே இருந்த வெப்பக் காப்பு உட்பட முடிந்ததையெல்லாம் கழற்றி எறிந்து, அந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டிகள். பயணிகள் அதிகம் போனால் மூன்று பேர். தபால் 69 கிலோ. அவ்வளவுதான் சரக்கு. கிளம்பும்போது பாரம் அப்படி இருக்கும். முதல் பல மணி நேரத்துக்குள் இரண்டில் ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்று தாங்காது. எதிரி கேட்டுவிடுவான் என்பதால் ரேடியோ மௌனம். ஜப்பானிய விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். ஒரு விடியல் கடலின் நடுவில் வரும், அடுத்த விடியலும் வானத்திலேயே வரும். பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1943-இலிருந்து 1945 வரை 271 தடவை கடந்தார்கள். மிக நீண்டது 32 மணி 9 நிமிடம்.

வழி கண்டது திசைமானியாலும் நட்சத்திரங்களாலும். விமானங்களுக்கே அந்த நட்சத்திரங்களின் பெயர்தான்: ஆல்டேர், வேகா, அன்டாரெஸ், ஸ்பைகா, ரைஜெல். நம் பஞ்சாங்கக்காரர்கள் இவற்றைத் திருவோணம், அபிஜித், கேட்டை, சித்திரை என்று அறிவார்கள். ரைஜெல் மட்டும் அந்தப் பட்டியலில் சேராமல் திருவாதிரை இருக்கும் அதே கூட்டத்தில் வேட்டைக்காரன் காலடியில் மினுங்குகிறது. இந்தக் கதையை விமானத்தில் பருத்தித்துறைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். “என்ர மகளும் கேட்டைதான் தம்பி,” என்றார். “அவளைக் கேட்டு ஹாரோவில கடைக்குக்கூட வழி பிடிக்கேலாது.”

கொக்கலவுக்கு நான் வேறொரு பயணத்தில் போயிருக்கிறேன். காலியிலிருந்து மாத்தறை போகும் கடற்கரைச் சாலையில், கடலில் கம்பு நட்டு அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவார்களே, அந்தப் பகுதி. சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் விமானப்படைத் தளம், அதற்குப் பின்னால் ஏரி. 1942 ஏப்ரல் 4 அன்று லெனார்ட் பர்ச்சல் என்ற கனடா விமானி இந்த ஏரியிலிருந்து கிளம்பித்தான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரித்தார். தளம் அமைக்க ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். தப்பிய வீடுகளில் ஒன்று சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. இன்று அது அருங்காட்சியகம். போர் முடிந்ததும் கேட்டலினாக்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். கடன் ஒப்பந்தத்தில் வந்த பொருள், விலை கொடுக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அப்படியொரு விதியை எழுதியவர் அதில் ஒரு முறையாவது பறந்திருக்க மாட்டார்.

1947 டிசம்பரில் புதிய தரை விமானங்கள் வந்தன. கான்ஸ்டலேஷன் என்ற விமானத்தில் சிட்னியிலிருந்து லண்டனுக்கு நான்கு நாள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று குதித்துக் குதித்துப் போனதால் கங்காருத் தடம் என்று பெயர். என் பக்கத்து இருக்கைக்காரர் எண்பதுகளில் கொழும்பிலிருந்து மாஸ்கோ வழியாக லண்டன் போனவர். மாஸ்கோவில் எத்தனை மணி நேரம் காத்திருந்தோம் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை, குளிரைத்தான் சொன்னார்.

எங்கள் விமானத்தில் குளிர் இல்லை, குதிப்பு இல்லை, ரகசியமும் இல்லை. 787-இல் ஜன்னலுக்கு மூடி கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி நீலம் பாரித்து இருளும். உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரம் அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள்; குன்னூரில் உட்கார்ந்திருப்பது மாதிரி. பழைய விமானங்களில் அது எட்டாயிரம் அடி. அந்த இரண்டாயிரம் அடி வித்தியாசம் பத்து மணி நேரத்துக்குப் பிறகு மண்டையில் தெரிகிறது என்கிறார்கள். என் மண்டைக்கு அவ்வளவு நுட்பம் இல்லை. காலைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்பக்கச் சமையலறை ஓரத்தில் நள்ளிரவில் ஒரு சின்ன மாநாடு நடந்தது: முழங்கால் பிடித்தவர்கள், தூக்கம் வராதவர்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு ஓர் அப்பா. யார் முகத்திலும் நேரம் என்ன என்பது எழுதியிருக்கவில்லை. பெர்த் நேரமா, லண்டன் நேரமா, கீழே இருக்கும் ஓமான் நேரமா? கடைசியில் எல்லோரும் ‘இன்னும் எத்தனை மணி’ என்ற ஒரே கடிகாரத்துக்கு வந்துவிட்டார்கள்.

வெளியே இருட்டு. மே மாதத்தில் பெர்த்தில் ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. நாங்கள் இருட்டியபின் ஏறினோம். அதற்குப்பின் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே, இரவோடு சேர்ந்து மேற்கே ஓடிக்கொண்டிருந்தோம். கேட்டலினாக்காரர்கள் ஒரே பயணத்தில் இரண்டு விடியல் பார்த்தார்கள். அவர்களைப்போல் இரண்டரை மடங்கு தூரம் போன எங்களுக்கு ஒரே விடியல். அதுவும் பெல்ஜியத்துக்குப் பக்கம் வந்த பிறகு, வாலுக்குப் பின்னாலிருந்து. அதற்குள் முட்டையும் பழமும் கொடுத்துத் தட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

இந்த இரட்டை விடியலைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு நடக்கிறது. சிட்னி–லண்டன், நிற்காமல், சுமார் 17,000 கிலோமீட்டர், எதிர்க்காற்றில் இருபத்திரண்டு மணி நேரம் வரை. அதற்காகவே ஏர்பஸ் ஏ350-1000-இல் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறது குவாண்டாஸ். ‘ப்ராஜெக்ட் சன்ரைஸ்’ என்ற பெயரே அந்தக் கேட்டலினாக்களின் நினைவாக வைத்தது. இப்போதைக்கு மிக நீண்ட வழக்கமான பயணம் சிங்கப்பூர்–நியூயார்க், சுமார் 15,300 கிலோமீட்டர். அதற்கு நூல் பிடித்தால் வட துருவத்தை உரசிக்கொண்டு போகும்; விமானங்களோ பசிபிக்கைச் சுற்றியோ அட்லாண்டிக்கைச் சுற்றியோதான் போகின்றன. பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது, அதற்குமேல் போனால் மறுபக்கமாகத் திரும்பி வருகிறோம். ஆகவே இந்தப் போட்டிக்கு ஒரு முடிவு இருக்கிறது. முழங்கால்களுக்கு அது ஆறுதல்.

அன்று எதிர்க்காற்று கொஞ்சம் இரக்கம் காட்டியதால் நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டோம். சீக்கிரம் வந்தால் ஹீத்ரோவில் பரிசு கிடையாது. ஊர் தூங்குகிறது, அதிகாலையில் இறங்கும் விமானங்களுக்கு அங்கே கண்டிப்பான அளவு. லண்டனைச் சுற்றி நான்கு மூலைகளில், பொவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் ஹில் என்று, வரும் விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றவிட்டு வைத்திருக்க வட்டங்கள் உண்டு. எங்களுக்குப் பிக்கின் ஹில். திரையில் நம் சின்ன விமானம், பதினேழு மணி நேரமாக ஒரே பக்கம் பார்த்துப் பறந்தது, கென்ட் வயல்களுக்கு மேலே முட்டை முட்டையாக வட்டம் போட ஆரம்பித்தது. இலக்குக்கு மீதித் தூரம் ஐம்பது கிலோமீட்டர், பிறகு அறுபது, பிறகு மறுபடி நாற்பது.

“என்ன தம்பி, வழியை மறந்திட்டானோ?”

“இடம் கிடைக்கணும் ஐயா.”

இறங்கினோம். சக்கரம் தரையில் பட்டதும் கைபேசிகள் எல்லாம் கூவத் தொடங்கின. விமானம் ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. எங்கள் வாயிலில் வேறு விமானம் இருக்கிறதாம், அது நகர வேண்டுமாம். எழுந்து நின்றவர்களை உட்காரச் சொன்னார்கள். பருத்தித்துறைக்காரரை மகள் கூப்பிட்டுவிட்டாள். காரைக் கொண்டுவரட்டுமா, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

“இறங்கிட்டன் பிள்ளை,” என்றார். “ஆனா இன்னும் வந்து சேரேல்லை. கட்டை வைக்கேல்லை எண்டு இந்தத் தம்பி சொல்றார். நீ அவசரப்படாமல் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வெளிக்கிடு.”